தப்பு முழங்கட்டும், தோழர்களே!

தோழர்களே, தோழியரே, முதுகில் கூடையோடு மலையேறும் அக்கா தங்கச்சிமாரே!

நம் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஓசை இரண்டு. ஒன்று, விடியலில் வேலைக்குக் கூப்பிடுவது. பாட்டன் காலத்தில் அது பிரட்டுத் தப்பு. பின்னால் ஸ்டோர் சங்கு. மற்றது, சாவு வீட்டுத் தப்பு. அந்த அடி காதில் விழுந்ததும் "எந்த லயத்தில்?" என்று கேட்டபடி இஸ்தோப்புக்கு வந்து நிற்போம். வேலைக்கு ஓர் ஓசை உண்டு, சாவுக்கு ஓர் ஓசை உண்டு. இரண்டுக்கும் நடுவில், "மண் இறங்குகிறது, பிள்ளையைத் தூக்கு, மேட்டுக்கு ஓடு" என்று சொல்லும் ஓசை எது? நம் முன்னோர் இந்த மலைக்கு வந்து 200 வருஷம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். இத்தனை காலத்தில் உயிர் காக்கும் ஓசை ஒன்றை நாம் பழகிக்கொள்ளவில்லை.

மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் இறங்கும். ஒக்டோபர் தாண்டினால் வலப்பனை, இராகலைப் பக்கம் முறை வரும். மழை வருமுன் ஒவ்வொரு தோட்டமும், ஒவ்வொரு டிவிசனும் தன் ஆபத்துக்காலத் திட்டத்தைத் தானே எழுதி, தானே ஒத்திகை பார்த்து முடித்திருக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த அறைகூவல். சம்பள உயர்வு ஒரு மாதம் பிந்தினால் அரியர்ஸோடு வாங்கிக்கொள்வோம். மண்ணுக்கடியில் போன பிள்ளைக்கு அரியர்ஸ் கிடையாது.

மீரியபெத்தயை மறக்காதீர்கள்

2014 ஒக்டோபர் 29. பதுளை மாவட்டம், கொஸ்லந்தை, மீரியபெத்த. காலை ஏழரை மணி தாண்டிய நேரம். மலை உடைந்து லயங்களின்மேல் இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது.

அந்த மலை சொல்லாமல் கொள்ளாமல் விழவில்லை. இந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் மண்சரிவுக்கும் இடையே ஒன்பது வருஷம். அதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, நடந்து, நாலாம் வகுப்புக்கே வந்துவிடும். எச்சரிக்கை மட்டும் நடக்கவில்லை. கடுதாசியாக இருந்தது கடுதாசியாகவே கிடந்தது. நம் நிலையையும் எண்ணிப் பாருங்கள். சொந்தக் காணி இல்லாதவன் காதில் "எழும்பு" என்ற சொல் எச்சரிக்கையாக விழுவதில்லை, விரட்டுவதாகத்தான் விழுகிறது. எழும்பி எங்கே போவது, எத்தனை நாளைக்கு, மாட்டை யார் பார்ப்பது, அந்த நாட்களுக்குச் சம்பளப் பேர் போடுவார்களா? இத்தனைக்கும் பதில் இல்லாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மீரியபெத்தயில் எத்தனை பேர் புதைந்தார்கள் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், முந்நூறு என்றும் சொன்னார்கள். நாள் போகப் போக அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. எந்தக் காம்பராவில் யார் யார், வேலைக்குப் போனது யார், வீட்டில் படுத்திருந்தது யார் என்ற பட்டியல் மேட்டில் ஒருவர் கையில் இருந்திருந்தால், எங்கே தோண்டுவது என்று முதல் மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். நாம் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தோம் என்று தினமும் எழுதுகிற தோட்டம் இது. யார் எந்தக் கூரையின் கீழ் தூங்குகிறார் என்று எழுதிய ஒரு கொப்பி நம்மிடம் உண்டா?

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. 2020 ஆகஸ்ட் 6, கேரளத்து மூணாறுக்குப் பக்கத்தில் ராஜமலை, பெட்டிமுடி. அங்கே இருந்தவர்களும் நம்மைப் போலத் தேயிலையில் வேலை செய்த தமிழர்கள், குடியிருந்ததும் லயங்களில். இரவில், எல்லோரும் படுத்தபின் மலை உடைந்தது. 70 உயிர்கள் போயின. கரண்டும் இல்லை, கைத்தொலைபேசிச் சிக்னலும் இல்லை. வெளியுலகுக்குச் செய்தி எட்டவே மறுநாள் காலையானது. 2024 ஜூலை 30இல் வயநாட்டு முண்டக்கையும் சூரல்மலையும் விடியுமுன் அழிந்தன. அங்கேயும் தேயிலைத் தொழிலாளிகளின் பாடிகள் என்ற லயங்கள் மண்ணோடு போயின. இரண்டு இடத்திலும் மலை தூங்கும் நேரத்தில் வந்தது. நம் டிவிசனில் நடுச்சாமத்தில் போன் செத்துப்போனால், டோர்ச்சோடு ஸ்டோருக்கு ஓடுவது யார்? டவுனுக்கு எந்தக் குறுக்குப் பாதையால் போவது? இன்றைக்கே பெயர் சொல்ல முடியுமா?

பிறகு 2025 நவம்பர் கடைசி. டித்வா புயல். இலங்கை முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. வீதி அறுந்தது, கரண்ட் போனது, போன் ஊமையானது. எச்சரிக்கைகள் தமிழில் நேரத்துக்கு வரவில்லை என்ற முறைப்பாடு அப்போது எழுந்தது. தோழர்களே, தாய்மொழியில் வராத எச்சரிக்கை வராத எச்சரிக்கைக்குச் சமம். அதற்காக அரசாங்கத்தோடு போராடுவோம். ஆனால் அந்தப் போராட்டம் வெல்லும்வரை மழை காத்திருக்காது.

மண்சரிவு மட்டும் அல்ல

வருஷத்தில் சில நாட்கள்தான் மலை சரியும். குளவி ஒவ்வொரு மாதமும் வருகிறது. ஹட்டன், தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று எங்கே பார்த்தாலும் "குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில்" என்ற செய்தியைப் படித்துப் படித்துக் கண் பழகிவிட்டது. மரத்தில் தொங்கும் கூட்டைக் கழுகு கலைக்கிறது, காற்று கலைக்கிறது. கீழே நிரையில் நிற்பவள் படங்கை அவிழ்ப்பதற்குள் தலை நிறையக் கொட்டு.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் மேல் மலையில் நாலு பேருக்குக் கொட்டியது. அதில் ஓர் அக்காவுக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தது. கொழுந்து லொறி மடுவத்தில்தான் நின்றது. சாவி சாரதியிடம், சாரதி டவுனில். தோளில் சுமந்து ரோட்டுக்கு வர முக்கால் மணி நேரம். தோட்ட மருந்துக் காம்பரா பூட்டியிருந்தது. அக்கா பிழைத்தார். அவரைப் பிழைக்க வைத்தது அந்த வழியே வந்த ஓர் ஓட்டோ. அது வேறு வழியில் போயிருந்தால் அன்று பின்னேரம் எங்கள் லயத்தில் தப்பு அடித்திருப்பார்கள். அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. சாவி ஓர் ஆணியில் தொங்கியிருந்தால் போதும். அவ்வளவு சின்ன விஷயத்தில் ஓர் உயிர் தொங்கியது.

கடுமையான ஒவ்வாமையில் மூச்சுக்குழல் இறுகி, இரத்த அழுத்தம் விழும். நேரத்தோடு தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அதற்கு முதல் மருந்து. அதைத் தோட்ட வைத்தியசாலையில் வைக்க வேண்டும், போடத் தெரிந்தவர் வேலை நேரத்தில் இருக்க வேண்டும். இது சலுகை கேட்பதல்ல. கொட்டு வாங்கியவரை நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுக்குத் திணறினால் சாய்த்து உட்கார வையுங்கள். தேனீ கொட்டி முள் தங்கியிருந்தால் உடனே வழித்து எடுங்கள். இதைக் கங்காணியும் தெரிந்திருக்க வேண்டும், நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளையும் தெரிந்திருக்க வேண்டும்.

லயத்தில் தீ பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்காது. ஒரே முகடு, ஒரே கூரை. வரிசை முழுவதும் போகும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடுதாசி எல்லாம் சாம்பலாகும். ஸ்டோரில் அடுப்பும் ஓடும் பெல்ட்டும் உண்டு. தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருக்கும். மேல் கொத்மலை, காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வான்பாய்ந்தால் கீழே ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆபத்துகள் பல, அவற்றுக்கு வேண்டிய ஆயத்தம் ஒன்றுதான். ஓசை, பாதை, இடம், பட்டியல், பொறுப்பாள். இந்த ஐந்தும் இருந்தால் குளவிக்கும் உதவும், தீக்கும் உதவும், மலைக்கும் உதவும்.

"துரை பார்த்துக்கொள்வார்" என்பவர்களுக்கு

சிலர் சொல்வார்கள்: "இது நிர்வாகத்தின் வேலை, நமக்கென்ன?" உண்மைதான், நிர்வாகத்தின் கடமைதான். அந்தக் கடமையிலிருந்து ஓர் அங்குலமும் அவர்களை விடமாட்டோம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மண் இறங்கும்போது பங்களா வேறு மலையில் இருக்கிறது. லயத்தில் இருப்பது நாம். நம் பாதை எங்கே வழுக்கும், எந்தக் காம்பராவில் நடக்க முடியாத பாட்டி படுத்திருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறாள் என்பது நமக்குத்தான் தெரியும். அந்த அறிவை எழுத்தில் கொண்டுவந்தால் அதுவே திட்டம்.

"அரசாங்கம் செய்யட்டும்" என்றும் சொல்வார்கள். செய்ய வைப்போம். பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குச் செலவழிக்கச் சட்டமே தடையாக இருந்தது; 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனி "தோட்டம் எங்கள் எல்லை இல்லை" என்று எவரும் சொல்ல முடியாது. 2005இன் 13ஆம் இலக்க இடர் முகாமைத்துவச் சட்டம் நாட்டு மக்கள் எல்லோருக்குமானது. நாமும் இந்த நாட்டு மக்கள்தான்.

"வேலைக்குப் போகாவிட்டால் பேர் போடமாட்டார்களே" என்பது மூன்றாவது பேச்சு. இதுதான் பாரமான பேச்சு; இதை லேசாக எடுக்க எனக்கு மனமில்லை. அரைப் பேருக்காக மழையில் நின்ற வயிறு நம்முடையது. ஆனால் பங்களாதேஷின் ரானா பிளாசாவை நினையுங்கள். 2013 ஏப்ரல் 23இல் அந்தக் கட்டடச் சுவர் வெடித்ததைத் தொழிலாளிகள் கண்ணால் கண்டார்கள். மறுநாள் அவர்களை உள்ளே போகச் சொன்னார்கள். சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் போனார்கள். 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி வேலையிலிருந்து விலகி நிற்கலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பின் 155ஆம் சமவாயம் 1981இலேயே சொல்லியது. பாதுகாப்பான வேலைத்தலம் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று 2022 ஜூனில் அந்த அமைப்பு அறிவித்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருஷக்கணக்கில் வீதியில் நின்ற நமக்கு, சிவப்பு எச்சரிக்கை நாளில் முழுப் பேர் என்ற கோரிக்கையை வெல்லத் தெரியாதா?

இந்த மாதம் முடியுமுன் ஆறு வேலை

முதல் வேலை, கமிட்டி. இந்த ஞாயிற்றுக்கிழமையே கூடுங்கள். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினாலும் ஒரே கமிட்டி. சேறு யூனியன் கார்டு பார்த்து இறங்குவதில்லை. தலைவர்மார் மட்டும் போதாது. மாதர் தலைவி வேண்டும், இளைஞர் வேண்டும், பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர் வேண்டும், ஸ்டோர் ஆள் ஒருவர் வேண்டும். பகலில் மலை நிறைய நிற்பது பெண்கள். ஆகவே கமிட்டியில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கட்டும்.

இரண்டாவது, மழையை அளப்பது. பல தோட்டங்களில் மழைமானி இருக்கிறது. தினமும் அளந்து ஒபீஸ் புத்தகத்தில் எழுதுகிறார்கள். தேயிலைச் செடிக்காக அளக்கும் அந்த மழையை நமக்காகவும் அளக்கட்டும். காலைக் கணக்கைப் பிரட்டுக்களத்துப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல் இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாகு, 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அவர்கள் சொல்லும் மூன்று படிகளும் இவற்றையொட்டியவை. மழைமானி இல்லாத டிவிசனில் வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வையுங்கள்; அடிமட்டத்தால் அளந்தால் ஏழரை சென்ரிமீற்றர் நீர்தான் 75 மில்லிமீற்றர் மழை. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை இது.

மூன்றாவது, மலையைப் பார்ப்பது. நிலத்தில் புது வெடிப்பு, லயத்துச் சுவரில் வளரும் கீறல், இறுகிப்போன கதவு, சாய்ந்த மரம், சாய்ந்த கம்பம், திடீரென்று புதிதாகக் கிளம்பிய ஊற்று, தெளிந்து வந்த பீலித் தண்ணீர் கலங்குவது, அல்லது சட்டென்று நின்றுபோவது. இவை மலை நமக்கு எழுதும் கடிதம். ஒன்றைக் கண்டாலும் 117க்கு, இடர் முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். கான்களையும் பாருங்கள். நம் முன்னோர் மழைத் தண்ணீரை வழிநடத்தக் கான் வெட்டியே இந்த மலைகளைக் காத்தார்கள். தூர்ந்த கானில் தேங்கும் நீர் மண்ணுக்குள் இறங்கி மலையின் பிடியைத் தளர்த்தும். கான் சுத்தம் செய்யக் கூலி போடு என்று கேட்பது உயிர் காக்கும் கோரிக்கை.

நான்காவது, பாதையும் இடமும். எந்த லயம் எந்த வழியால் எங்கே போகும் என்று முடிவு செய்யுங்கள். கோயில் மேடு உயரமாக இருப்பதால் மட்டும் பத்திரமாகிவிடாது. அதற்கு மேலே இன்னொரு சரிவு இருக்கலாம். ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரியை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்து விகாரையோ பள்ளிக்கூடமோ பத்திரம் என்றால் வெட்கப்படாமல் போய்ப் பேசுங்கள். மலைக்கு இனம் தெரியாது. ஆபத்தில் நமக்கும் தெரியக் கூடாது.

ஐந்தாவது, பட்டியலும் பொறுப்பாளும். லயத்துக்கு ஒரு கொப்பி, இரண்டு பிரதி. காம்பராவுக்குக் காம்பரா பெயர், வயது, நடக்க முடியாதவர், மருந்து குடிப்பவர். ஒவ்வொரு முதியவரையும் தூக்க இரண்டு பேரின் பெயர். வாகனச் சாவி தொங்கும் ஆணி எது, அதற்குப் பொறுப்பு யார், இரவில் யார். 1990 என்றால் சுவசெரிய அம்புலன்ஸ், 119 என்றால் பொலிஸ் என்று சுவரில் பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். முக்கியமான கடுதாசிகளை ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

ஆறாவது, ஓசை. இங்கேதான் தப்பு வருகிறது. போன் சாகும், கரண்ட் போகும், சங்கு ஊமையாகும். தப்புக்குச் சிக்னல் வேண்டாம், கரண்ட் வேண்டாம். வேலைக்கும் சாவுக்கும் அடிக்காத புது அடி ஒன்றை உங்கள் தோட்டத்து வாத்தியக்காரரோடு உட்கார்ந்து அமையுங்கள். பிள்ளை முதல் பாட்டி வரை அதைக் கேட்டால் ஓட வேண்டும் என்று தெரிய வேண்டும். இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறேன்: அந்தத் தப்பைத் தொட ஜாதி பார்க்காதீர்கள். ஒரு குலத்தின் தலையில் கட்டி, அவர்களைத் தாழ்த்திய கருவி அது. இன்றைக்கு ஒவ்வொரு லயத்து முகப்பிலும் மாட்டுங்கள், எந்த வீட்டுப் பிள்ளையும் எடுத்து அடிக்கப் பழகட்டும். பிறகு ஒத்திகை. ஒரு தடவை பகலில், ஒரு தடவை இரவில், ஒரு தடவை மழையில். நேரத்தை மணிக்கூடு பார்த்து எழுதுங்கள். முதல் தடவை குழம்பும். குழப்பம் ஒத்திகையிலேயே தீரட்டும்.

நிர்வாகத்திடம் வைக்கும் கோரிக்கை

இதே வாரத்தில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எழுத்தில் கொடுக்க வேண்டியவை: இரவும் பகலும் ஆயத்தமாக ஒரு வாகனம், வைத்தியசாலையில் ஊசியும் ஆளும், வேலைக்கு முன் மலையில் குளவிக்கூடு பார்க்க ஓர் ஆள், கான் சுத்தம், சிவப்பு எச்சரிக்கை நாளில் முழுப் பேர், ஒத்திகை நேரமும் வேலை நேரமாகக் கணக்கு. அரசாங்கத்திடம்: எச்சரிக்கை ஒவ்வொன்றும் சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழிலும் வரட்டும், ஆபத்து வலயத்து லயங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் காணி, உறுதியோடு காணி. காணி இருந்தால்தான் "எழும்பு" என்ற சொல்லைக் கேட்டு மனிதன் எழும்புவான். மீரியபெத்த நமக்கு விட்டுப்போன பாடம் இது.

தோழர்களே! 1940இல் முல்லோயாத் தோட்டத்துச் சம்பளப் போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டார். 1977இல் டெவன் தோட்டத்துக் காணிப் போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். சம்பளத்துக்காகவும் மண்ணுக்காகவும் உயிர் கொடுக்கத் தயங்காத பரம்பரை நாம். உயிர் காக்கவும் அதே வேகத்தில் எழ வேண்டிய காலம் இது. யாரும் வந்து நமக்காக எண்ணப்போவதில்லை. நாமே நம்மை எண்ணுவோம், காம்பரா காம்பராவாக, பெயர் பெயராக.

ஞாயிறு கூடுங்கள். திங்கள் கொப்பி வாங்குங்கள். பத்தாம் நாள் முதல் ஒத்திகை. மாதம் முடிய அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுங்கள்.

நம் தமிழில் தப்பு என்றால் பறை மட்டும் அல்ல. பிழைத்துப் போ என்றும் பொருள். இதுவரை நம் தப்பு சாவைத்தான் சொன்னது. இனி மழை இறங்கும் இரவில் அது ஒவ்வொரு லயத்தின் காதிலும் சொல்லட்டும்:

தப்பு! தப்பு! தப்பு!